ஒரு துளிக் கொழுப்பு

என் வலது கையை முதன்முறை பார்க்கிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கொதிக்கிற எண்ணெய் பட்டதா, இல்லை ஆசிட்டா? முப்பது வயது தாண்டும் வரை நான் எண்ணெய் என்றே சொல்லிவந்தேன். அப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பிறவி என்று சொன்னால்தான் நீளும். கேட்பவரின் பார்வை என் கையை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் என் அம்மாவிடம் போகும்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு கோடு கோடாக இறங்குகிறது. கோடு விழுந்த இடங்களில் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கொழுப்பு மஞ்சளாக, மெத்தென்று பிதுங்கி நிற்கும். இடுப்பிலும் வலது தொடையிலும் அதே கோடுகள். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே முளைக்கவில்லை. மிச்ச இடத்தில் இருப்பதும் பூனை முடி. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியே பிறந்தன. ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் டைப் செய்வது என் வேலை. எனக்கு ஒன்பது விரல்தான் என்று நானே சொல்லிச் சிரித்துவிடுவேன், மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்.

அம்மா என்னைச் சுமந்தபோது திருவொற்றியூரில் ஒரு சாயக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டப்பாக்களில் தூளை அடைத்து மூடி போடும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தால் தண்ணீர் ஒரு நாள் நீலமாக ஓடும், ஒரு நாள் சிவப்பாக ஓடும் என்று சொல்லியிருக்கிறாள். ஏழாம் மாதம் வரை போனாள். அப்பா துறைமுகத்தில் அன்றாடக் கூலி. அந்த வருடம் அவருக்கு வேலை சரியாக அமையவில்லை. அவள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் பிறந்த அன்று எல்லோருக்கும் அது மறந்துபோனது.

மறந்தவர்களில் முதல் ஆள் என் அத்தை, அப்பாவின் அக்கா. நாங்கள் இருந்த அதே தெருவில்தான் அப்போது அவளும் இருந்தாள். "கொழுப்பெடுத்து கம்பெனிக்குப் போனா. கெமிக்கல்ல கொழந்தய வேக வச்சி இட்டாந்துகீறா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போது சொல்வாள். குழாயடியில் சொல்வாள். நான் பக்கத்தில் நிற்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. அம்மா ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. சாயக் கம்பெனியை விட்டுவிட்டுக் காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரித்து உரித்து, அவள் விரல்களின் தோலும் வெந்த மாதிரிதான் ஆகியிருந்தது. அதற்கு யாரும் காரணம் தேடவில்லை.

அப்பா அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை முன்னால் உட்கார வைத்து அவரே தலை வாரிவிடுவார். வழுக்கை விழுந்த இடம் தெரியாமல் இந்தப் பக்கத்து முடியை அந்தப் பக்கம் இழுத்து, பொறுமையாகக் கிளிப் குத்துவார். முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மற்றப் பெண்பிள்ளைகள் எல்லாம் கையில்லாத கவுன் தைத்தபோது, எனக்கு மட்டும் லேஸ் வைத்த முழுக்கை கவுன் வேண்டும் என்று தையல்காரரிடம் நின்று தைத்து வாங்கிவந்தார். பக்கத்துச் சந்தில் ஒருவன் என்னை 'வெந்த கை' என்று கூப்பிட்டதற்கு அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். எனக்கு உலகம் எளிதாக இருந்தது. அத்தை கெட்டவள். அப்பா நல்லவர். அம்மா வாயில்லாதவள், ஆனால் தப்பு செய்தவள்.

ஆமாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழா நடனத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். உடுப்பு சரியாக வராது என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"வயித்துல நான் கீறேன்னு தெரிஞ்சும் அந்தக் கம்பெனிக்கு ஏன் போன? ஒனக்கு நானு முக்கியமா, வேல முக்கியமா?"

அம்மா அப்போது குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடியும் கரைத்தாள். அத்தை பதினைந்து வருடமாகச் சொன்னதெல்லாம் அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். நான் சொன்னது போகவில்லை என்பது அவள் முதுகைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா நுரையீரல் கெட்டு இறந்துபோன இரண்டாம் வருடம் ஒரு முகாம் நடந்தது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஒரு வாரமாக நெடி. கண்ணெல்லாம் எரிந்தது, குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. சுற்றுச்சூழலுக்காகப் போராடும் ஒரு குழு, விம்கோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் வைத்தது. எனக்கும் மூச்சு இழுத்ததால் போனேன். அங்கே குழுவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என் கையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கைய மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? மொகம் வராது."

அம்மா கர்ப்பத்தில் சாயக் கம்பெனிக்குப் போனதைச் சொன்னேன். அந்தப் பெண் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முதன்முறையாக என் கை ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது. முதன்முறையாக அம்மாவைத் தவிர வேறு யாராவது குற்றவாளி ஆகப்போகிறார்கள். பத்து நாளில் நெடுஞ்சாலைச் சுவர்களில் என் கை ஒட்டப்பட்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில், 'இந்தக் கைக்கு யார் பொறுப்பு?'

ஆனால் அந்த முகாமிலேயே இன்னொன்றும் நடந்தது. தோல் டாக்டர் ஒருவர் வந்திருந்தார், நடுத்தர வயதுப் பெண். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். நகத்தைப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார். ஒட்டிய விரல்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இது கெமிக்கல்னால வந்ததா எனக்குத் தோணல. கோடு போற வழியே வேற கதை சொல்லுது. ஆஸ்பத்திரிக்கு வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

எங்கள் இருவரின் ரத்தத்தையும் ஓர் ஆராய்ச்சிக்காக எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. அந்த நாளில் அம்மா வெளுத்த பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு, நீதிமன்றத்துக்கு வந்தவள் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டார்.

"கருவுல தோலும் முடியும் விரலும் உருவாகும்போது ஒரு செல் பக்கத்து செல்லுக்குச் செய்தி அனுப்பும். இங்க தோலைத் தடிமனாக்கு, இங்க முடிக்கு வேர் வை, இங்க விரலைப் பிரின்னு. அந்தச் செய்தி ஒரு புரதம். அது செல்லை விட்டு வெளிய போகணும்னா அதுமேல ஒரு துளிக் கொழுப்பு ஒட்டணும். ஒட்டலைன்னா உள்ளயே கெடக்கும். அப்படி ஒட்டுற வேலையைச் செய்ய ஒரு நொதி இருக்கு. உங்களுக்கு அந்த நொதிக்கான மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருக்கு."

முத்திரை விழாத சரக்கு துறைமுகக் கேட்டைத் தாண்டாது. எனக்குச் சட்டென்று புரிந்தது.

"அப்போ கோடு கோடா ஏன் வந்துச்சு டாக்டர்?"

"பொண்ணுங்களுக்கு அந்த மரபணு ரெண்டு பிரதி உண்டு. ஒவ்வொரு செல்லுலயும் ஒண்ணுதான் வேலை செய்யும், இன்னொண்ணு தூங்கிடும். நல்ல பிரதி வேலை செய்யற எடத்துல நல்ல தோல். கெட்ட பிரதி வேலை செய்யற எடத்துல இந்தக் கோடு. கரு வளரும்போது செல் நகர்ந்து போன வழிதான் உங்க கையில தெரியுது."

அந்த நோய்க்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தது. எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கு இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அப்படி வரும் ஆண் குழந்தை பெரும்பாலும் வயிற்றிலேயே தங்காது என்றும் சொன்னார். கல்யாணமே ஆகாதவளிடம் இதைச் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்க ரத்தத்துல இந்த மாற்றம் இல்ல. இது கரு உண்டாகுற நேரத்துலயே தற்செயலா நடந்தது. ஏன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க ஏழாம் மாசம் வரைக்கும் வேலைக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க தப்பு இதுல எதுவுமே இல்ல."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, டாக்டரின் மேஜையைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ ரெண்டாவதா ஒண்ணு பொறந்திருந்தா, அதுக்கும் இப்புடி வந்திருக்குமா?"

"வாய்ப்பு ரொம்பக் கம்மிம்மா. நல்லாத்தான் பொறந்திருக்கும்." ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார்.

"சரிங்க" என்று அம்மா எழுந்தாள்.

வெளியே மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. என்னம்மா என்று கேட்டேன். சுற்றிலும் டோக்கன் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"ஒனக்கு நாலு வயசு. நான் மூணு மாசம் முழுவாம இருந்தேன். ஒங்க அத்த வந்து, இன்னொண்ணையும் வெந்ததா பெத்துப் போடப் போறியான்னா. என்னை இஸ்துகினு போயி ஒரு நர்ஸம்மா வூட்டுல வுட்டா. எடுத்துட்டாங்க. நாந்தான் கெடுத்தேன்னு எல்லாரும் சொன்னப்போ, நானும் அப்புடித்தான் நெனச்சேன். அதான் போனேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அது இன்ன நாள் என்றுதான் தெரியாமல் இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்பா வேலைக்குப் போகாமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். படகுகளின் நிறத்தை எல்லாம் என்னைச் சொல்லச் சொன்னார். குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். முப்பத்து மூன்று வயது வரை, சின்ன வயதில் நீ ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அவள் மகனோடு சடையங்குப்பத்தில் இருக்கிறாள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு, போன மழையின் தண்ணீர்க் கறை அப்படியே இருந்தது. கட்டிலில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். நலம் விசாரிக்கவில்லை. உறையிலிருந்து தாளை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இங்கிலீஷ்ல கீது. எனக்கு இன்னா தெரியும்?"

"நான் சொல்றேன் அத்த. அம்மா கம்பெனிக்குப் போனதால வந்தது இல்லியாம். எழுதியே குடுத்துகீறாங்க."

"அப்போ யாரால வந்துச்சாம்?"

"யாராலயும் இல்ல."

"யாராலயும் இல்லாம ஒண்ணு வருமா?" என்றாள். அவள் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நல்லா பொறந்திருக்க வேண்டிய கொழந்தய ஏன் அத்த எடுக்க வச்ச?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"அத சொல்லிட்டாளா. நான் எடுக்க வக்கில. ஒங்கப்பன்தான் எங்கிட்ட வந்தான். அக்கா, இன்னொண்ணு இதே மாரி பொறந்தா என்னால தெருவுல தல காட்ட முடியாது, நீ போயி அவகிட்ட சொல்லுன்னான். நீயே சொல்லுடான்னேன். நான் சொன்னா அவ என்னைத் திட்டுவா, நீ சொன்னா ஒன்னைத் திட்டிட்டுப் போவட்டும்னான். கூடப் பொறந்த தம்பி வந்து கேக்கறான். நான் இன்னா பண்ண முடியும்? சொன்னேன். கெட்ட பேரு வந்துச்சு. அப்பால அதுவே பழகிப்போச்சு."

மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் எழுந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியது இரண்டே வார்த்தைகள். இதே மாரி. என் தலையை வாரிய கை, எனக்காகச் சட்டையைப் பிடித்த கை, அதே கை என்னைக் காட்டித்தான் அதைச் சொல்லியிருக்கிறது. முழுக்கை கவுன் எனக்காகத் தைத்ததா, அவருக்காகத் தைத்ததா என்று இப்போது கேட்க ஆள் இல்லை.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அவரு ஒங்க அத்தையாண்ட சொல்றப்போ நான் கதவுக்கு அந்தாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல? இத்தினி வருஷம் அத்தைய திட்டிகினு, அப்பாவ தலைல வச்சிகினு இருந்தேனே."

அம்மா ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"ஒனக்கு அப்பான்னா உசுரு. அத்தையும் கெட்டவ, அம்மாவும் கெட்டவ, அப்பனும் கெட்டவன்னு ஆயிட்டா நீ யாராண்ட போவ? ஒருத்தராச்சும் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

இதைக் கேட்டால் மகள்கள் தாயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பாசம் முழுவதையும் தவறான ஆளிடம் கொண்டுபோய்க் கொட்ட விட்டிருக்கிறாள். அவளுக்கு வர வேண்டியதை அவளே வழியை அடைத்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் நான் அவளிடம் கேட்ட கேள்விக்கு, அவள் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம். இப்போது மன்னிப்புக் கேட்க நினைத்தாலும் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மிச்சமிருந்தது சுவரொட்டி. அந்த இளம்பெண்ணுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். 

"அக்கா, இத இப்போ வெளிய சொல்லாதீங்க. கம்பெனிக்காரங்க இந்த ஒண்ண வச்சே மத்தவங்க சொல்றது எல்லாம் பொய்ம்பாங்க. கொழந்தைங்க இருமறது பொய்யா? ஒங்க மூச்சு இழுக்கறது பொய்யா?"

அவள் சொன்னது சரி. அப்பாவின் நுரையீரலை எது தின்றது என்று எனக்கும் தெரியும். இந்தப் பகுதிப் புகைமேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம். அது செய்யாத குற்றம் என் கை ஒன்றுதான்.

"சரிம்மா. ஆனா அந்தப் படத்தப் பாக்கறவங்க எல்லாம் எங்கம்மா கம்பெனிக்குப் போனததான பேசறாங்க. அவங்க இன்னும் எத்தினி வருஷம் கேட்டுகினு இருக்கணும்?"

மறுநாளே அவள் ஆட்களோடு வந்து, கண்ணில் பட்ட சுவரொட்டிகளை எல்லாம் கிழித்தாள். நல்ல பெண். ஆனால் தெருவில் விஷயம் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே, "கம்பெனிக்காரன் பக்கம் சாஞ்சிட்டியா?" என்று கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து என் அம்மாவைக் குறை சொன்னவர்களில் ஒருத்தர்கூட, அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி இருந்தபோது அது எல்லோருக்கும் விஷயமாக இருந்தது. பழி இல்லை என்றானபோது அது எங்கள் சொந்த விவகாரம் ஆகிவிட்டது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அப்பாவின் கல்லறைக்கு அம்மா செவ்வந்தி மாலையும் மெழுகுவத்திகளும் வாங்கிக்கொண்டாள். கேட் வரை கூடப் போனேன். அங்கே நின்றுவிட்டேன்.

"வா" என்றாள்.

"நான் வரல."

"செத்தவராண்ட இன்னா கோவம்?"

"உசுரோட இருந்தப்போ எனக்குத் தெரியலியே."

அவள் வற்புறுத்தவில்லை. சாயங்கால வெயிலில் கூட்டத்துக்கு நடுவே அவள் போவதைக் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து புல்லைப் பிடுங்கினாள். குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள். மாலையைச் சாத்தி, மெழுகுவத்திகளை ஏற்றினாள். ஒன்றை மட்டும் ஏற்றாமல் கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மதில் ஓரம் வரை போனாள். அங்கே குழந்தைகளின் சின்னச் சின்னக் கல்லறைகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பிள்ளையின் பெயர் இருந்திருக்க வேண்டும். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

மெழுகுவத்தியை என்னிடம் கொடுத்தாள்.

"பையில போடு. கரன்ட்டு போனா ஆவும்."